மருந்துவாழ் மலையில் வாய் பிளந்த ஷூ

கன்னியாகுமரிப் பக்கத்து மருந்துவாழ் மலையில், பிள்ளைத்தடம் குகைக்குக் கீழே பாறையில் இறங்கிக்கொண்டிருந்தபோது இடது காலில் 'சளக் சளக்' என்று சத்தம் கேட்டது. மழை ஈரம் ஷூவுக்குள் போயிருக்கும் என்று நினைத்து நாலடி நடந்தேன். பின்னால் வந்த மச்சினன்தான் பார்த்துச் சொன்னான்: "அத்தான், ஒங்க ஷூ வாயப் பொளந்துட்டு."

குனிந்து பார்த்தால் முன்பாதி சோல் தொங்குகிறது. அதைப் பிடித்து மேலே அழுத்தினேன். நடுவில் இருந்த மெத்தை கையோடு உதிர்ந்து வந்தது. ஆறிப்போன புட்டைத் தொட்டால் எப்படி உதிருமோ அப்படி. சாம்பல் நிறப் புட்டு. 'வலது காலாவது இருக்கிறதே' என்று நினைத்து முடிப்பதற்குள் அதன் குதிகாலும் கழன்றது. பையிலிருந்த துவர்த்தை, அதாவது துண்டை, இரண்டாகக் கிழித்து, ஷூவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடிவாரத்துப் பொத்தையடி வரை இறங்கினேன். டீக்கடையில் ஒரு பெரியவர் என் காலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நேர்ச்சையா மக்கா?" என்று கேட்டார். நேர்த்திக்கடன் என்று நினைத்துவிட்டார்.

அகத்தியர்கூடம் போக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்த ஒத்திகை. பொதிகையில் 1,868 மீட்டர் உயரச் சிகரம் அது. இப்போது ஏறும் பாதை கேரளத்துப் போணக்காட்டில் தொடங்குகிறது. அனுமதி தருவது கேரள வனத்துறை. வழக்கமாக ஜனவரியில்தான் திறப்பார்கள். டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்பது வேறு கதை. கிடைத்தால் கையில் சில நாள்தான் இருக்கும் என்பதால், டிசம்பரிலேயே பழைய சாமான்களை இறக்கி ஒரு முறை மருந்துவாழ் மலை ஏறிப் பார்ப்போம் என்று கிளம்பினோம். கடைசியாக அவற்றை எடுத்தது 2019-இல். அதன் பிறகு கொரோனா, மகளின் படிப்பு, முழங்கால் என்று வருடங்கள் போய்விட்டன. ஷூவைப் பெட்டியிலேயே வைத்து, பெட்டியைப் பாலித்தீன் கவரில் சுற்றி, அலமாரி மேல்தட்டில் பத்திரப்படுத்தியிருந்தேன். அந்தப் பத்திரம்தான் அதைக் கொன்றிருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் வழக்கமாகச் செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். சொல்யூஷன் போட்டு ஒட்டி, சுற்றித் தையல் போட்டால் ஆயிற்று என்பது என் கணக்கு. அவர் ஷூவை வாங்கி, ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினார். நகம் உள்ளே போனது.

"இது ஒட்டு விட்டதில்ல சார். இது மாவாப் போச்சு. மாவுல என்னத்த ஒட்டுனாலும் நிக்குமா?"

ஷூவில் இரண்டு வகை மரணம் உண்டு என்று அன்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். அடியிலுள்ள ரப்பர் சோல் முழுசாக, சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் அது பசையின் சாவு. இரண்டு பக்கமும் உரசி, பழைய பசையை எடுத்து, புதுப்பசை தடவி, கொஞ்சம் உலரவிட்டு ஒட்டித் தைத்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும். நடு மெத்தை உதிர்ந்தாலோ, அழுத்தினால் நகம் பதிந்து அப்படியே நின்றாலோ, பக்கவாட்டில் கிழவர் கன்னம் போலச் சுருக்கம் விழுந்திருந்தாலோ அது மெத்தையின் சாவு. அதற்குத் தையல் கிடையாது.

வீட்டுக்கு வந்து காரணம் தேடினேன். மலையேற்ற ஷூக்களில் நடு மெத்தை பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை. எடை தாங்கும், சீக்கிரம் அமுங்காது, அதனால்தான் அதைப் போடுகிறார்கள். ஆனால் காற்றிலுள்ள ஈரம் மெல்ல உள்ளே புகுந்து அதன் மூலக்கூறுச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நாகர்கோவிலில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, வருடத்தில் இரண்டு பருவமழை. அலமாரியில் வைத்த தோல் பெல்ட்டே பூஞ்சை பூக்கும் ஊர் இது. இதில் நான் ஈரத்தையும் சேர்த்துப் பாலித்தீனில் கட்டி வைத்திருக்கிறேன். அடிக்கடி போட்டு நடந்திருந்தால் மெத்தை அமுங்கி விரிந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியே போயிருக்கும், இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருக்கும் என்கிறார்கள். மொத்தம் அறுபது எழுபது கிலோமீட்டர்கூட நடக்காத ஷூ அது. மேல்தோல் புதுசு போல மின்னுகிறது.

விளையாட்டு ஷூக்களில் வரும் ஈ.வி.ஏ. நுரைக்கு இந்த நோய் வராது. அது நடக்க நடக்க அமுங்கித் தட்டையாகும், ஆனால் இப்படித் திடீரென்று மாவாகாது. எனக்கு இதுவே புதுச் செய்தி. மச்சினன் போட்டு வந்தது பத்து வருடப் பழைய ஓட்ட ஷூ, அது ஒன்றும் ஆகவில்லை. அதை அவன் அடுத்த பத்து நாளும் சொல்லிக் காட்டினான்.

மேல்தோல் நன்றாக இருக்கிறதே என்று மனம் கேட்கவில்லை. அண்ணாச்சியிடமே ஒரு சோதனை செய்யச் சொன்னேன். உதிர்ந்த மெத்தையை முழுக்கச் சுரண்டி எடுத்தார்; கத்தி, அப்புறம் கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள். சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குப் போடும் எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் ஷீட்டை வெட்டி இரண்டடுக்காக ஒட்டி, பழைய ரப்பர் சோலையே கீழே ஒட்டி, சுற்றிலும் மெழுகு நூலால் தைத்தார். நானூறு ரூபாய். பார்க்கக் கொள்ளாம், நன்றாகவே இருந்தது. ஆனால் அண்ணாச்சியே சொல்லிவிட்டார், "வெளைக்குப் போய்ட்டு வாரதுக்கு ஆகும். மலைக்கு வேண்டாம்." எம்.சி.ஆர். மெத்து மெத்தென்று இருக்கும், ஆனால் கல்முனையில் மிதித்தால் பாதம் வளையும். இப்போது அது மாமனாரின் ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போகும் ஷூ. பால் சொட்டிச் சொட்டி ஒரு மாதத்திலேயே வேறு நிறத்துக்கு வந்துவிட்டது.

புது ஷூ வாங்கத் திருவனந்தபுரம் போனோம். காலையில் போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும் அளவு சாயங்காலம் கடிக்கும், நடந்த கால் வீங்கும் என்பதால் வேண்டுமென்றே மாலை நாலு மணிக்குக் கடைக்குள் நுழைந்தேன். மலைக்குப் போடப்போகும் தடித்த சாக்ஸையும் கையோடு கொண்டுபோனேன். எனக்கு வழக்கமாக எட்டு, எடுத்தது ஒன்பது. லேஸைக் கட்டாமல் விரலை முன்னால் முட்டவிட்டு நின்றால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். அடுத்த சோதனை கடையின் மாடிப்படியில். லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு பத்துப் படி வேகமாக இறங்கினேன். பெருவிரல் முன்னால் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். ஏறும்போது எந்த ஷூவும் நல்ல ஷூதான். நகம் கறுப்பது இறங்கும்போது. எட்டாம் நம்பர் ஷூவோடு முன்பு ஒரு முறை இறங்கியதன் அடையாளம் என் வலது பெருவிரலில் ஆறு மாதம் இருந்தது.

ஷூவுக்கே இந்தக் கதி என்றால் மற்றதும் இப்படித்தான் இருக்கும் என்று சந்தேகம் வந்தது. வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டினேன். பையைத் திறந்ததும் குடலைப் புரட்டும் ஒரு நாற்றம். குழந்தை பால் கக்கிய துணியைக் கழுவாமல் இரண்டு நாள் வைத்தால் வருமே, அது. மனைவி தூரத்தில் நின்றே கேட்டாள்: "இத இன்னும் களையல்லியா?"

எலி செத்துக் கிடக்கிறதோ என்று தேடினேன். எலி இல்லை. பையின் உட்பக்கத்தில் தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு பூச்சு உண்டு. அதுவும் அதே பாலியூரித்தேன் இனம்தான். அது பிசுபிசுத்து, துணியோடு துணி ஒட்டி, இழுத்தால் படபடவென்று பிரிந்தது. சில இடத்தில் உடும்பு தோலுரித்த மாதிரி செதிலாகப் பெயர்ந்தது. ஆனால் பையின் வெளித்துணி, முதுகுப் பலகை, இடுப்புப் பட்டை மூன்றும் திடமாக இருந்தன. இதைக் களைய எனக்கு மனசில்லை.

கொரோனா நேரத்தில் பயந்துபோய் ஐந்து லிட்டர் கேனில் வாங்கிய தண்ணிச் சானிடைசர் பாதி மிச்சம் இருந்தது. அதில் பெரும்பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இத்தனை வருடம் கழித்து அதற்கு ஒரு வேலை கிடைத்தது. பையை உள்வெளியாகத் திருப்பி, கை அகலத் துண்டு துண்டாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பாத்திரம் தேய்க்கும் பிரஷால் தேய்த்தால் பூச்சு கஞ்சி மாதிரி திரண்டு வந்தது. முழுப் பைக்கும் இரண்டு மணி நேரம், இரண்டு பிரஷ். மொட்டைமாடியில் காற்றோட்டத்தில் செய்தேன். அடுப்படிப் பக்கம் இதைச் செய்யக் கூடாது, பற்றிக்கொள்ளும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி நிழலில் காயப்போட்டேன். நாற்றம் முக்கால்வாசி போனது. துணி இனித் தண்ணீர் தாங்காது, தாங்கவும் வேண்டாம். துணிமணிகளை உள்ளே தண்ணீர் புகாத ஒரு ட்ரை பேக்கில் போட்டுவிட்டால் பை நனைந்தால் என்ன, நனையாவிட்டால் என்ன. மேலே மழையுறை வேறு இருக்கிறது.

ஜிப் இரண்டு பக்கமும் ஓடுகிறது, ஆனால் பல் சேரவில்லை. பல் தேய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல தடவை குற்றவாளி, பிடித்து இழுக்கும் அந்த ரன்னர்தான். ஓடி ஓடி அதன் வாய் அகன்றுவிடும், பல்லை அழுத்தாது. கட்டிங் பிளேயரால் ரன்னரின் பின்பக்க ஓரத்தை, இடது கொஞ்சம் வலது கொஞ்சம் என்று மாறி மாறி அமுக்கினேன். மூன்றாவது அமுக்கில் ஜிப் மூடியது. முதல் அமுக்கிலேயே பலத்தைக் காட்டினால் ரன்னர் உடையும். சின்ன அறை ஜிப்பில் அதையும் செய்து பார்த்துவிட்டேன். உடைந்ததன் பின்புறம் 5 என்று எண் பொறித்திருந்தது. அந்த எண்ணைச் சொன்னால் தையல் சாமான் கடையில் தனி ரன்னர் கிடைக்கும், பத்து ரூபாய். ஜிப்பின் கடைசித் தையலைப் பிரித்து, ரன்னரைக் கோர்த்து, மறுபடி தைத்துக் கொடுக்கக் கடைக்காரர் முப்பது ரூபாய் வாங்கினார்.

நெஞ்சுப்பட்டையின் பிளாஸ்டிக் பக்கிளை வளைத்துப் பார்த்தேன். 'டக்' என்று ஒரு கொம்பு ஒடிந்தது. வீட்டில் ஒடிந்ததில் எனக்குச் சந்தோஷம். இடுப்புப் பக்கிளையும் நம்பாமல் இரண்டையும் மாற்றினேன். பட்டை அகலத்தை அளந்துகொண்டு போக வேண்டும். என்னுடையது நெஞ்சில் 20 மில்லிமீட்டர், இடுப்பில் 38. தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் நூல் நைந்திருந்தது. அதற்குத் தையல்கடை மிஷின் போதாது, மறுபடி செருப்புத் தைக்கும் அண்ணாச்சிதான். நைலான் நூலில் சதுரம் போட்டு உள்ளே குறுக்காகப் பெருக்கல் குறி போட்டுத் தைத்தார். முடித்துவிட்டு, பட்டையைக் கொக்கியில் மாட்டித் தன் முழு எடையையும் அதில் தொங்கவிட்டுக் காட்டினார்.

நெற்றி விளக்கு எரியவில்லை. மூடியைத் திறந்தால் பேட்டரி இருந்த இடத்தில் வெள்ளைப் பூவும் பச்சைக் களிம்பும். போன பயணம் முடிந்து வந்ததும் பேட்டரியைக் கழற்றாமல் வைத்த என் சோம்பேறித்தனம். ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரம். கையுறை போட்டுக்கொண்டு எலுமிச்சைச் சாறு தொட்ட இயர்பட்ஸால் துடைத்தேன். சுர்ரென்று நுரைத்தது. சாதா மலிவு பேட்டரியின் கசிவு அமிலப் பக்கம், அதற்கு எலுமிச்சை வேலை செய்யாது, சமையல் சோடாக் கரைசல் வேண்டும். எதைப் போட்டிருந்தோம் என்று பேட்டரி உறையைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பின்பு தண்ணீர் தொட்ட துணி, பின்பு உலர்ந்த துணி, கடைசியில் கம்பித் தகட்டை உப்புத்தாளால் லேசாக ஒரு உரசல். புது பேட்டரி போட்டதும் எரிந்தது. வீட்டில் நான் அன்று கொஞ்சம் பெருமையாகவே நடந்தேன்.

மழைக்கோட்டு பிழைக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு, உள்ளே நெஞ்சுக்கும் தோளுக்கும் செய்தித்தாள் வைத்து, குளியலறை ஷவரின் கீழே ஐந்து நிமிடம் நின்றேன். தோளில் வைத்த தாள் சொதசொதவென்று வந்தது. தையல் மேல் ஒட்டியிருந்த நாடா முழுக்கக் கழன்றிருந்தது, உட்பூச்சு பொடுகு மாதிரி சட்டையெல்லாம் ஒட்டியது. நாடாவை மட்டும் ஒட்டலாம். பூச்சும் போனபின் ஒட்டுவது காசுக்குக் கேடு. அதற்குப் பதில் பையையும் சேர்த்து மூடும் போஞ்சோ ஒன்று வாங்கினேன். காற்றில் பறக்கும் என்ற குறை அதற்கு உண்டு. மேலே உச்சிப்பாறையில் அதை விரிக்க முடியாது என்று தெரிந்தேதான் வாங்கினேன். காட்டுக்குள் மரத்தடியில் நடக்கும் நேரம்தான் அதிகம்.

ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் போடும் கால் உறையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முழங்கால் வரை வரும் துணி உறை அது. சாக்ஸுக்கு மேலே, ஷூவுக்கு உள்ளே போடுவது. என்னுடையதில் துணி நன்றாக இருந்தது, மேலே உள்ள எலாஸ்டிக் நூடுல்ஸ் மாதிரி நீண்டுவிட்டது. எலாஸ்டிக் தளர்ந்த உறை, அட்டைக்கு வாசல் திறந்து வைத்த வீடு. வடசேரியில் காடாத்துணி வாங்கி எங்கள் தெருத் தையல்காரம்மாவிடம் கொடுத்து, எலாஸ்டிக்குக்குப் பதில் நாடா கோர்த்து இரண்டு ஜோடி தைத்துக்கொண்டேன். நெருக்கமாக நெய்த துணியாக இருந்தால் போதும், அட்டை ஊடுருவாது. கோடையில் அட்டை குறைவு, ஆனால் முந்தின நாள் ஒரு மழை பெய்தால் போதும், எங்கிருந்து வருமோ வந்துவிடும். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் அக்காமார் காலில் மூக்குப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு டப்பா மூக்குப்பொடியும் பையில் ஏறியது. மச்சினன் அதைத் திறந்து மோந்து பார்த்து பதினொரு தும்மல் போட்டான். எண்ணினேன்.

மருந்துப் பையில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது. பிளாஸ்திரி ஒட்டவில்லை, கிரேப் பேண்டேஜ் இழுத்தால் இழுத்த இடத்திலேயே நிற்கிறது, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் தேதி தாண்டிக் கட்டியாகிவிட்டன. கத்தரிக்கோல் மட்டும் மிச்சம். உறக்கப் பையை வெயிலில் போட்டுத் தட்டினேன். அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை, பரவாயில்லை.

அலுமினிய ஊன்றுகோல் இரண்டில் ஒன்று நீளவே மாட்டேன் என்கிறது. குழாய்க்குள் குழாய் வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருக்கிறது, உப்புக்காற்றின் வேலை. துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, ஆளுக்கொரு முனையை ரப்பர் துணியால் பிடித்து நானும் மச்சினனும் முறுக்கினோம். அவன் முறுக்கியதில் நான் சுழன்றேனே தவிரக் கோல் சுழலவில்லை. மற்றது திறந்தது. அதன் உட்குழாயை உரசித் துடைத்து எண்ணெய் இல்லாமல் உலர்வாகவே போட்டேன். எண்ணெய் இருந்தால் முறுக்குப் பூட்டு வழுக்கும், பாரம் போடும்போது உள்ளே இறங்கிவிடும்.

ஜனவரியில் முன்பதிவு திறந்த அன்று ஆளுக்கொரு போனும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்து எப்படியோ இரண்டு இடம் பிடித்தோம். பிப்ரவரி முதல் வாரம். அதற்குள் புது ஷூவோடு காலுக்குப் பழக்கம் வர வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள்ளும் மார்க்கெட்டுக்கும். இரண்டாம் வாரம் வட்டக்கோட்டைக் கடற்கரை ஓரமாக ஐந்து கிலோமீட்டர். மூன்றாம் ஞாயிறு, பையில் எட்டுக் கிலோ அரிசியும் தண்ணீர் பாட்டிலுமாக, மறுபடி மருந்துவாழ் மலை.

ஷூ தாக்குப்பிடித்தது. ஆனால் அரை வழியில் வலது குதிகாலில் சூடு தெரிந்தது. கொப்புளம் வருமுன் வரும் சூடு அது. 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று நடந்தால் மாட்டிக்கொள்வோம். உடனே உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி, மெடிக்கல் ஷாப் பேப்பர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். லேஸை மேல் இரண்டு கண்ணியில் வளையமாக மாட்டி, ஒன்றுக்குள் ஒன்று விட்டு இறுக்கிக் கட்டினேன். குதிகால் மேலே ஏறி இறங்குவது நின்றது, சூடும் அடங்கியது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முப்பந்தல் காற்றாலைகள், வடக்கே மேகத்துக்குள் மலைகள். சோதனைக்காகப் போஞ்சோவை விரித்தேன். அது என் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. மச்சினன் வந்துதான் பிரித்து எடுத்தான்.

இறங்கி வரும்போது அதே டீக்கடை, அதே பெரியவர். என் காலைப் பார்த்தார்.

"நேர்ச்ச முடிஞ்சா?"

"இல்ல பாட்டா, இனிதான்."

வீட்டுக்கு வந்து பையை எடை போட்டேன். அரிசியை எடுத்துவிட்டு நிஜச் சாமான்களை ஏற்றினால் ஏழு கிலோ முந்நூறு. நீளாத ஊன்றுகோலையும் சேர்த்துத்தான். குட்டையாக இருந்தாலும் மச்சினன் உயரத்துக்கு அது சரியாக இருக்கிறது. அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.